ஓசோன் இல்லாத மார்கழி

மார்கழி நெருங்கும்போது தமிழ்ப் பத்திரிகைகளில் தவறாமல் ஒரு துணுக்கு வரும். இப்போது அதே துணுக்கு கைப்பேசியில் வருகிறது. மார்கழி விடியற்காலையில் காற்றில் ஓசோன் நிறைந்திருக்கிறது. அதைச் சுவாசித்தால் நுரையீரல் சுத்தமாகும், ரத்தம் சுத்தமாகும். இதை அறிந்துதான் நம் முன்னோர்கள் பெண்களை இருட்டில் எழுந்து கோலம் போடச் சொன்னார்கள், ஆண்களை பஜனைக்கு அனுப்பினார்கள் என்று. சொல்பவர்கள் நல்ல எண்ணத்துடன்தான் சொல்கிறார்கள். நம்பிக்கைக்கு விஞ்ஞானத்தின் சான்றிதழ் ஒன்று கிடைத்துவிட்டால் அடுத்த தலைமுறை அதைக் கைவிடாது என்கிற ஆசை.

ஆசை புரிகிறது. ஆனால் விஞ்ஞானம் வேறு மாதிரி பேசுகிறது.

ஓசோனை 1839இல் அடையாளம் கண்டவர் ஷோன்பைன் என்கிற ரசாயனப் பேராசிரியர். அதன் விசித்திரமான நெடியை வைத்து, கிரேக்க மொழியில் வாசனையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பெயர் வைத்தார். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், கடற்கரைக் காற்றில் ஓசோன் இருக்கிறது, அது உடம்புக்கு நல்லது என்று நம்பிக் கடற்கரை ஊர்களுக்குப் போனார்கள். நம் முன்னோர்களின் ஞானம் என்று நாம் பரப்பிக்கொண்டிருப்பது, பழைய ஐரோப்பிய நம்பிக்கையின் மிச்சமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

தலைக்கு மேலே 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசோன் நம்மைக் காக்கிறது. தரையில், நாம் மூச்சு விடும் காற்றில் இருக்கும் ஓசோன் மாசு. வாகனப் புகையின் மீது வெயில் படும்போது அது உண்டாகிறது. எட்டு மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் அரசே வரம்பு வைத்திருக்கிறது. உண்டாக வெயில் வேண்டும் என்பதால் அது உச்சத்தில் இருப்பது பிற்பகலில். நகரங்களில் விடிவதற்கு முன்தான் அது மிகக் குறைவு. ஆக, மார்கழி விடியலில் ஓசோன் அதிகம் இல்லை. இல்லாததும் நல்லதற்கே.

தமிழ்நாட்டில் ஏதோ ஒரு கிராமத்தில் இருந்திருந்தால் இந்தத் துணுக்கை நான் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். வயல்வெளியில் விடிகாலைக் காற்று யாரையும் கொன்றுவிடப்போவதில்லை. ஆனால் நான் இருப்பது தில்லியில்.

தில்லியின் மார்கழியை அனுபவிக்காதவர்களுக்கு ஒரு விளக்கம். குளிர்கால இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்கிவிட, அதற்கு மேலே ஒப்பீட்டளவில் சூடான காற்று ஒரு மூடியைப் போலக் கவிந்துகொள்கிறது. லாரிப் புகை, சூளைப் புகை, தெருவோரம் குப்பையை எரிக்கும் புகை, சாலைத் தூசு எல்லாம் அந்த மூடிக்குக் கீழே மாட்டிக்கொள்கின்றன. வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் மூடி திறக்கும். டிசம்பரிலும் ஜனவரியிலும் காற்றுத்தரக் குறியீடு 300ஐத் தாண்டுவது இங்கே செய்தியே அல்ல. 301 முதல் 400 வரை ‘மிக மோசம்’, அதற்கு மேல் ‘கடுமை’ என்பது அரசின் கணக்கு. ஓசோனைத் தேடி ஒருவர் வெளியே கிளம்பும் அதே நேரத்தில்தான் தில்லியின் காற்று பெரும்பாலும் மோசமாக இருக்கிறது.

ஐம்பது வயதுக்கு மேல் எனக்கு வீசிங் வந்தது. இரண்டு குளிர்காலங்களுக்கு முன், குழாயில் ஊதச் சொல்லிச் சோதித்த டாக்டர், காகிதத்தைப் பார்த்துவிட்டு ஹிந்தியில் சொன்னார்: “சூரியன் நன்றாக மேலே வரட்டும் மாதாஜி. அதற்கு முன்னால் கடவுளே கூப்பிட்டாலும் வெளியே போகாதீர்கள்.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் மார்கழியில் கடவுள் கூப்பிடுவது அந்த நேரத்தில்தானே! இருபது வருடங்களுக்கு மேலாக, மார்கழி முதல் தேதியிலிருந்து முப்பதாம் தேதி வரை, எங்கள் பேட்டைக் கோயிலில் திருப்பாவை சொல்லும் கோஷ்டியில் நான் ஒருத்தி. தில்லித் தமிழர்களுக்கு இது சாதாரண விஷயமல்ல. ராமகிருஷ்ணபுரத்துக் குன்றில் 1973இல் கும்பாபிஷேகம் கண்ட உத்தர சுவாமிமலைக் கோயிலை ‘மலை மந்திர்’ என்று தில்லி முழுக்க அறியும். மூடுபனியில் அந்தப் படிகளில் ஏறுகிறவர்களைப் பார்த்தால், ஊரை விட்டு வந்தவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு இங்கே வாழ்கிறார்கள் என்பது புரியும். ஸ்வெட்டர், மங்கி குல்லா, கையில் திருப்பாவை அல்லது திருவெம்பாவைப் புத்தகம், திரும்பும்போது தொன்னையில் சூடான பொங்கல். இதை விடுவது என்பது மார்கழியையே விடுவதுபோல இருந்தது.

கோஷ்டியில் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு விதமான பதில்கள் வந்தன. எங்களில் மூத்த மாமி, “மார்கழிக் காத்தே மருந்துடி! நம்ம பெரியவாளுக்குத் தெரியாததா உன் டாக்டருக்குத் தெரிஞ்சுடுத்து?” என்றார். அவருடைய பேத்தி, இன்ஜினீயர், என்னைத் தனியாகப் பிடித்து, “அப்போ இதெல்லாம் மூடநம்பிக்கைதானே ஆன்ட்டி? ஒரேயடியா விட்டுடுங்களேன்” என்றாள்.

யோசித்துப் பார்த்தால் இருவரும் சொன்னது ஒன்றேதான். காற்று மருந்தாக இருந்தால் மார்கழிக்கு அர்த்தம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பாட்டியும் பேத்தியும் ஓசோன் என்கிற ஒரே தூணின் மீது முழு மாதத்தையும் நிறுத்தியிருந்தார்கள். தூணை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்பதுதான் என் கேள்வி. நுரையீரல் தயவால் எனக்கு அதை யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

மரபு என்ன சொல்கிறது என்று பார்த்தேன். அதில் ஓசோனும் இல்லை, நுரையீரலும் இல்லை. மனிதர்களின் ஒரு வருடம் தேவர்களுக்கு ஒரு நாள். தை முதல் ஆனி வரை அவர்களுக்குப் பகல், ஆடி முதல் மார்கழி வரை இரவு. அப்படியானால் நம் ஒரு மாதம் அவர்களுக்கு இரண்டு மணி நேரம். இரவின் கடைசி இரண்டு மணி நேரம் மார்கழி. அதாவது மாதமே விடியற்காலை. அதனால்தான் திருமலையில் மற்ற மாதங்களில் சுப்ரபாதம் ஒலிக்கும் இடத்தில், இந்த மாதம் திருப்பாவை ஒலிக்கிறது. சைவர்கள் மாணிக்கவாசகரின் திருவெம்பாவை 20 பாடல்களுடன் அவருடைய திருப்பள்ளியெழுச்சி 10 பாடல்களையும் சேர்த்து 30 நாளுக்கும் பாடுகிறார்கள். எல்லாவற்றிலும் ஒரே காரியம்தான் நடக்கிறது: எழுப்புதல். ‘இது உடம்புக்கு நல்லது’ என்று யாரும் சொல்லவில்லை. ‘எழுந்திரு’ என்றுதான் சொல்கிறார்கள்.

எழுந்திருக்க வேண்டிய நேரத்தையும் கடிகாரம் தீர்மானிக்கவில்லை. பிரம்ம முகூர்த்தம் என்பது சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்னால் தொடங்கி 48 நிமிடம் நீடிப்பது. ஜனவரி தொடக்கத்தில் சென்னையில் சூரியன் உதிப்பது ஏறக்குறைய 6.30க்கு. தில்லியில் 7.15க்கு நெருக்கமாகிவிடும். எனவே சென்னையில் ஐந்து மணிக்கு எழுபவரும் தில்லியில் 5.40க்கு எழுபவரும் ஒரே முகூர்த்தத்தில் எழுகிறார்கள். இத்தனை வருடமாக நாங்கள் நாலரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்தது மயிலாப்பூர் நேரத்துக்குத்தான் என்று சொன்னபோது மூத்த மாமிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். தியானம் என்ற வார்த்தையைக் கேட்டாலே பயப்படுகிற, கண்ணை மூடினால் பால் பாக்கெட்டும் காஸ் சிலிண்டரும் கண்ணுக்குள் வருகிற என்னைப் போன்றவர்களுக்கு இது உதவலாம்.

5.40க்கு எழுகிறேன். ஜன்னல்கள் மூடியிருக்கின்றன. சின்ன எண்ணெய் விளக்கு ஒன்று. ஊதுபத்தி கிடையாது, அதுவும் புகைதான். தோளைச் சுற்றிச் சால்வை. தரை சில்லென்று இருப்பதால் பழைய ரஜாயை மடித்துப் போட்டு அதன் மேல் உட்காருகிறேன். அன்றைய தேதிக்குரிய ஒரே ஒரு பாட்டு. நாளையது நாளைக்கு. முதலில் வாய்விட்டு, ராகம் இல்லாமல் படிக்கிறேன். இரண்டாம் முறை பதம் பிரித்து, ஒவ்வொரு சொல்லும் எதைக் குறிக்கிறது என்று நிதானமாக. மூன்றாம் முறை படிப்பதில்லை. ஏதாவது ஒரு சொல் நம்மைப் பிடித்து நிறுத்தும். அந்தச் சொல்லுடன் பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன். மனம் ஓடும். ஓடியதை அறிந்ததும் சொல்லுக்குத் திரும்பி வருகிறேன். மறுபடி ஓடும். மறுபடி திரும்புகிறேன். அவ்வளவுதான்.

உதாரணத்துக்கு, நான்காம் பாட்டு மழையைப் பற்றியது. கடலுக்குள் புகுந்து நீரை முகந்து, மேலே ஏறி, கறுத்து, மின்னி, முழங்கிப் பொழிகிறது. எத்தனை தடவை கோஷ்டியில் வேகமாகச் சொல்லியிருப்பேன்! எங்கே மூச்சு விட வேண்டும் என்பதில்தான் கவனம் இருந்தது. மூடிய அறையில் தனியாக உட்கார்ந்தபோதுதான் அந்தப் பாட்டில் ஒரு வேலை நடக்கிறது, ஒன்றையும் தனக்கென்று வைத்துக்கொள்ளாத வேலை, என்று பட்டது. அன்று பத்து நிமிடம் போனது தெரியவில்லை. மறுநாள் இரண்டு நிமிடமே யுகமாக இருந்தது. இரண்டும் கணக்கில் சேரும். முப்பது நாள் என்ற ஏற்பாட்டின் நன்மையே இதுதான். இன்று மனம் ஒன்றியதா இல்லையா என்று நம்மை யாரும் கேட்பதில்லை. பாட்டு முன்கூட்டியே தீர்மானமாகிவிட்டது, நாள் தீர்மானமாகிவிட்டது, நேரம் தீர்மானமாகிவிட்டது. நாம் போய் உட்கார்ந்தால் போதும்.

இந்த இருண்ட நாட்களை இப்படிக் கடப்பது தமிழர்கள் மட்டுமல்ல என்பதைத் தில்லியில் இருந்தால் கவனிக்காமல் இருக்க முடியாது. ஊரின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21, 22இல் வருகிறது. சென்னையில் அன்று பகல் 11 மணி 20 நிமிடத்துக்குக் குறையாது, தில்லியில் பத்தேகால் மணி நேரம்தான். எங்கள் தெருவில் இருக்கும் சீக்கியக் குடும்பங்கள், பெரும்பாலும் இந்த மாதத்தை ஒட்டி வரும் குரு கோவிந்த் சிங் பிறந்த நாளுக்கு முன், விடிவதற்குள் பாடிக்கொண்டே வீதி சுற்றுகிறார்கள். ‘பிரபாத் பேரி’ என்று அதற்குப் பெயர். மேளம் மட்டும் வேறு, மற்றபடி நம் மார்கழி பஜனையேதான். மாடி வீட்டு மலையாளக் கிறிஸ்தவர்கள் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் வாரத்துக்கு ஒன்றாக மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். முதல் வாரம் ஒன்று, கடைசி வாரம் நான்கு. இருட்டு அதிகமாக ஆக வெளிச்சம் கூடுகிறது. பிரயாகையில் பௌஷ பௌர்ணமி முதல் மாக பௌர்ணமி வரை கங்கைக் கரையில் கூடாரம் போட்டு ஒருவேளை உணவுடன் தரையில் படுத்து ‘கல்பவாசம்’ இருக்கிறார்கள். சபரிமலைக்கு 41 நாள் விரதம் இருப்பவர்களைப் பற்றி நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இவர்களின் தெய்வங்கள் வேறு, நியாயங்கள் வேறு. ஆனால் வழியில் பொதுவாகச் சில உண்டு. எண்ணி வைத்த நாட்கள். எளிமை. காத்திருத்தல். எல்லாவற்றுக்கும் மேலாகக் கூட்டாளிகள்.

அந்தக் கடைசி விஷயத்தில்தான் எனக்குச் சங்கடம். மூடிய அறைத் தியானம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், திருப்பாவை தனியாகச் செய்கிற காரியம் அல்ல. ஆறாம் பாட்டிலிருந்து பதினைந்தாம் பாட்டு வரை பத்துப் பாட்டுகள் வாசல் வாசலாகப் போய்த் தூங்குகிறவளை எழுப்புவதிலேயே கழிகின்றன. நேரமாகிறதே, நாம் போவோம், அவள் வந்தால் வரட்டும் என்று அந்தப் பெண்கள் கிளம்பிவிடுவதில்லை. கேலி செய்கிறார்கள், கோபிக்கிறார்கள், கெஞ்சுகிறார்கள், ஆனால் ஒருத்தியையும் விட்டுவிட்டுப் போவதில்லை. முப்பதில் மூன்றில் ஒரு பங்கை ஆண்டாள் இதற்கு ஒதுக்கியிருக்கிறாள் என்றால் காரணம் இருக்கத்தான் வேண்டும்.

எனவே கோஷ்டியில் ஒரு யோசனை சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வெயில் வந்த பிறகு, பத்து மணிக்குக் கூடலாமே? எங்களில் எனக்கு மட்டுமா நுரையீரல்? இதய நோய்க்காரர்கள் இருக்கிறார்கள், ஆஸ்துமா குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருகிற தாய்மார்கள் இருக்கிறார்கள். “பொழுது விடிஞ்சப்புறம் என்ன திருப்பாவை?” என்று சிலருக்கு ஏற்கவில்லை. நியாயமான கேள்விதான். இன்று ஞாயிறுகளில் ஏழெட்டுப் பேர் பத்து மணிக்குக் கூடுகிறோம், ஐந்தாறு பேர் வழக்கம்போல் இருட்டில் போகிறார்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு போகும்படி மட்டும் அவர்களைச் சம்மதிக்க வைத்திருக்கிறோம்.

மூத்த மாமி இருட்டுக் கட்சி. மார்கழிக் காற்று மருந்து என்பதில் அவர் இம்மியும் இறங்கி வரவில்லை. ஆனால் தினமும் 5.40க்கு என் தொலைபேசி அடிக்கிறது. “எழுந்தாச்சா?” என்று ஒரே வார்த்தை. “ஆச்சு மாமி” என்கிறேன். வைத்துவிடுகிறார். பத்துப் பாட்டின் அர்த்தத்தை எந்த உபன்யாசத்தை விடவும் இந்த ஒரு வார்த்தை எனக்கு விளக்கியிருக்கிறது.

விழிப்பு என்பதைப் பற்றி இன்னொன்று. வெளியே போகாமல் ஜன்னலோரம் உட்கார்ந்ததில், அந்த நேரத்தில் வெளியே இருந்தே ஆக வேண்டியவர்கள் கண்ணில் பட்டார்கள். தெருப் பெருக்குகிறவர்கள், பேப்பர் போடும் பையன்கள், கேட்டில் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கும் காவலாளி. அவர் குளிருக்குக் குச்சியையும் அட்டைப் பெட்டியையும் சில நாள் பிளாஸ்டிக்கையும் கொளுத்திக் கை காய்வார். அந்தப் புகையை முதலில் குடிப்பவர் அவர்தான். காற்று மோசமாகும் நாட்களில் காவலாளிகளுக்கு மின்சார ஹீட்டர் தர வேண்டும் என்பது குடியிருப்போர் சங்கங்களுக்கு அதிகாரிகள் சொல்லியிருக்கும் விதிகளில் ஒன்று. படித்துக் காட்டினேன். நிதி இல்லை என்றார்கள். திருப்பாவையின் இரண்டாம் பாட்டு, இந்த மாதம் நெய், பால், பூ, மை எதையெல்லாம் விட வேண்டும் என்று சொல்லிவிட்டு, முடிந்த மட்டும் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கூடாரவல்லிக்கு அக்காரவடிசில் செய்யச் சேர்த்த பணத்தில் நெய்யைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு ஹீட்டர் வாங்கினோம். இதில் இருட்டுக் கட்சி, வெயில் கட்சி என்ற பேதம் இருக்கவில்லை.

மார்கழி விழித்துக்கொள்ளச் சொல்கிற மாதம். புகையை ஓசோன் என்று நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு போவது விழிப்பு ஆகாது. ஓசோன் பொய்த்துவிட்டது, ஆகவே மாதமே பொய் என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வதும் ஆகாது. மருந்து என்று சொல்லி எதையும் காப்பாற்றப் பார்த்தால், அதைவிட நல்ல மருந்து வரும் நாளில் அதைத் தூக்கி எறிய வேண்டியிருக்கும். மார்கழிக்கு அந்த ஆபத்து தேவையில்லை.

பஞ்சாங்கக் கணக்கில் உத்தராயணம் தை முதல் தேதி. வானத்தில் சூரியன் வடக்கே திரும்புவது அதற்கு மூன்று வாரத்துக்கும் மேல் முன்னால். இரண்டும் சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் ஒன்றாக இருந்தன. பூமியின் அச்சு மெதுவாகத் திரும்புவதால் பிரிந்துவிட்டன. இதற்காகப் பொங்கல் பானையை யாரும் கவிழ்த்துவிடவில்லை. இன்னொரு சின்ன விஷயமும் உண்டு. டிசம்பர் 22க்குப் பிறகு பகல் நீள்கிறது என்றாலும், நீள்வது மாலைப் பக்கம்தான். தில்லியில் சூரிய உதயம் தொடர்ந்து தாமதமாகிக்கொண்டே போய், ஜனவரி இரண்டாம் வாரத்தில்தான், அதாவது மார்கழி முடியும் சமயத்தில்தான் திரும்புகிறது. மாலையைப் பார்க்கிறவர்களுக்கு இருட்டு எப்போதோ விலகத் தொடங்கிவிட்டது. விடியலுக்காக எழுந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு மார்கழி முழுவதும் இருட்டு கூடிக்கொண்டுதான் இருக்கிறது. முப்பது நாளும் அந்த இருட்டில் ஒருவரையொருவர் எழுப்பிக்கொண்டிருந்தால், தை பிறந்த பிறகு ஒரு காலையில் ஜன்னல் சற்று முன்னதாக வெளுக்கிறது.